நான் வைத்த வெந்நீர்

தட்டாஞ்சாவடியில் ஒரு சின்னக் கம்பெனியில் பிரஸ் மிஷினில் நின்று அலுமினியத் தட்டு அடிப்பதுதான் என் வேலை. பல வருஷம் அதே மிஷின், அதே இடம். உட்கார்ந்து பார்க்கிற வேலை இல்லை. வலது கால் பெடலில் இருக்கும், இடது கால் சிமெண்டுத் தரையில் ஊன்றியிருக்கும். உடம்பின் பாரம் முழுவதும் இடது குதிகாலில்தான். ஐம்பது வயதைத் தாண்டியதும் அந்தக் குதிகால் வலிக்க ஆரம்பித்தது. காலையில் படுக்கையை விட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது அடியிலிருந்து ஆணி ஏறுவது போல இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடந்தால் கொஞ்சம் அடங்கும். சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டு இறங்குவதற்கு எழுந்தால் மறுபடியும் குத்தும்.

கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருந்த டாக்டரம்மா என் குதிகாலின் உள்பக்கம் ஓர் இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். கத்திவிட்டேன். "இதாங்க இடம்" என்றார். பாதத்துக்கு அடியில் குதிகாலிலிருந்து விரல் வரைக்கும் ஒரு தடித்த நார் ஓடுகிறதாம். நாள் முழுக்க நின்றால் அது இறுகிப் புண்ணாகிவிடுகிறதாம். தூங்கும்போது இன்னும் சுருங்கிக்கொள்கிறது, காலையில் திடீரென்று இழுபடும்போது வலிக்கிறது. மாத்திரையைவிட வீட்டில் செய்ய வேண்டியதைத்தான் அவர் அதிகம் சொன்னார். படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பே ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டித் தன் பக்கம் இழுக்க வேண்டும். சுவரில் கை ஊன்றி ஒரு காலைப் பின்னால் நீட்டி, கெண்டைக்காலை இழுத்துப் பிடிக்க வேண்டும். பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஃபிரிட்ஜில் உறைய வைத்து, அதைத் தரையில் போட்டுப் பாதத்தால் உருட்ட வேண்டும். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு வேண்டும்.

சொன்னதை எல்லாம் செய்தேன். மூன்று மாதத்தில் வலி போய்விட்டது. அதுதான் வினையாகப் போனது.

எங்கள் தெருவில் கால் வலி இல்லாத வீடு கிடையாது. மில்லில் நின்றவர்கள், ஓட்டலில் நிற்பவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள் என்று நெல்லித்தோப்பு முழுக்க நின்றே பிழைத்தவர்கள்தான். எனக்குச் சரியானது தெரிந்ததும் ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். நானும் சுவரில் கை ஊன்றிக் காட்டினேன். இரண்டு பேருக்குக் குணமானது. "கால் டாக்டர்" என்று கிண்டலாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். வெளியே சிரித்துக்கொண்டாலும் உள்ளுக்குள் எனக்கு அது பிடித்திருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, தட்டு அடிப்பதைத் தவிர வேறொன்றும் எனக்குத் தெரியும் என்று ஆகியிருந்தது. செல்போனில் கால் வலி வீடியோவாகத் தேடித் தேடிப் பார்த்தேன்.

அக்கா எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருந்தாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். நாங்கள் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவர்கள். அப்பா கட்டுமரத்தில் போனார், அம்மா மீன் கூடை சுமந்தாள். நான் கடலுக்குப் போகாமல் கம்பெனிக்கு வந்துவிட்டேன். அக்கா மட்டும் மீனை விடவில்லை. மாமா இறந்த பிறகு பக்கத்து மார்க்கெட்டில் ஒரு கடை பிடித்து நின்றாள். நின்றாள் என்றுதான் சொல்ல வேண்டும். மற்ற பெண்கள் பலகை போட்டு உட்கார்ந்து விற்பார்கள். அக்கா உட்கார மாட்டாள். "உக்காந்தா வாயும் உக்காந்துடும்டா" என்பாள். சங்கராவும் காரப்பொடியும் அவள் கூவி விற்கிற குரல் மார்க்கெட்டின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும். கோபக்காரி. மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்களை அவள் சும்மா விட்டதில்லை. மகளைக் காரைக்காலில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாகத்தான் இருந்தாள்.

அவளுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. மாத்திரை வாங்கி வைப்பாள், ஞாபகம் வந்தால் போடுவாள்.

ஒருநாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"தம்பி, கால் எரியுதுடா. மொளகாத்தூள் தடவுன மாதிரி இருக்கு. ராத்திரில தூக்கமே இல்ல."

"நாள் பூரா நிக்கிற இல்ல, அதான்க்கா. எனக்கு இருந்தது தான் இது. நான் சொல்ற மாதிரி செய்."

என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அண்ணிக்கு சுகர் இருக்குங்க. ஆஸ்பத்திரில ஒருவாட்டி காட்டிடலாமே."

"எனக்கு என்னா சொன்னாங்களோ அதான் இவங்களுக்கும் சொல்லப் போறாங்க" என்றேன்.

எனக்கு வந்தது குத்துகிற வலி, அவளுக்கு எரிச்சல். எனக்கு ஒரு குதிகாலில் ஓர் இடம், அவளுக்கு இரண்டு பாதமும் முழுசாக. எனக்கு எழுந்து அடி வைத்தால் அதிகம், அவளுக்குப் படுத்தால்தான் அதிகம். இவ்வளவு வித்தியாசத்தையும் அவள் வாயாலேயே சொன்னாள். ஆனால் என் காதில் விழுந்தது "கால் வலி" என்ற ஒரு சொல்தான். பாட்டிலை உறைய வைத்துக் கொடுத்தேன். அவள் என் மனத்துக்காக இரண்டு வாரம் உருட்டினாள்.

பிறகு ஒருநாள் மார்க்கெட்டிலிருந்து திரும்பியவள் வாசலில் நின்று தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காலில் செருப்பு இருந்தது, இன்னொரு காலில் இல்லை.

"செருப்பு எங்கக்கா?"

"தெரியலடா. எங்கியோ கழண்டு விழுந்திருக்கு. எனக்குத் தெரியவே இல்ல பாரேன்."

நானும் அவளும் விழுந்து விழுந்து சிரித்தோம். தார் ரோடு சுடுகிற வெயிலில் அரை கிலோமீட்டர் ஒற்றைச் செருப்போடு நடந்து வந்திருக்கிறாள். யார் வீட்டுத் தின்பண்டத்தை நினைத்துக்கொண்டு வந்தாய் என்று கேலி செய்தேன். ஒரு மனுஷிக்குத் தன் காலில் செருப்பு இல்லாதது தெரியவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு நிமிஷம் நான் யோசித்திருந்தால் போதும்.

அதற்குப் பிறகு எரிச்சல் குறைந்துவிட்டதாகச் சொன்னாள். "இப்ப பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்குடா" என்றாள். பாட்டில் வேலை செய்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். தெருவில் இரண்டு பேரிடம் சொல்லவும் சொன்னேன். உணர்ச்சியே போய்க்கொண்டிருந்ததால்தான் எரிச்சல் போனது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வியாபாரம் முடித்து வந்தவளின் பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. சுடுதண்ணீரில் கல்லுப்புப் போட்டுக் காலை வைத்தால் வீக்கம் வடியும் என்று முந்தின வாரம்தான் ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். அண்டாவில் தண்ணீர் கொதிக்க வைத்து, பிளாஸ்டிக் டப்பில் ஊற்றி, பச்சைத் தண்ணீர் கலந்து, கையை விட்டுப் பார்த்தேன். பிரஸ் மிஷினில் சூடான தகட்டை எடுத்து எடுத்துக் காய்த்துப்போன கை அது. இதமாகத்தான் தெரிந்தது. அக்காவை நாற்காலியில் உட்கார வைத்து அவள் பாதங்களை நானே பிடித்துத் தண்ணீருக்குள் விட்டேன்.

"சூடே இல்லடா. பச்சத்தண்ணி மாதிரி இருக்கு. இன்னும் கொஞ்சம் ஊத்து."

ஊற்றினேன். டிவியில் ஏதோ படம் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "ஆறிப் போச்சு போல இருக்கே" என்றாள். மறுபடியும் ஊற்றினேன். அவள் தலையை நாற்காலியில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அக்கா அப்படி ஓய்வாக உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது. அவளுக்கு ஒரு நல்லது செய்துவிட்டேன் என்று சந்தோஷமாக இருந்தது.

அவள் காலை எடுத்துத் துடைத்துக்கொண்ட பிறகு, டப்பைத் தூக்கிப் போய்க் கொட்டுவதற்காக என் மனைவி வந்தாள். உப்பு கரைந்ததா என்று பார்க்கத் தண்ணீரில் கையை விட்டவள் வெடுக்கென்று வெளியே இழுத்தாள்.

"ஐயையோ! இதுலயா அண்ணி கால வெச்சிருந்தீங்க?"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் அக்காவின் பாதங்களைப் பார்த்தோம். கணுக்கால் வரை சிவந்து, விரல்களின் பக்கம் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

"வலிக்குதாக்கா?"

"இல்லியேடா. நல்லாத்தான் இருக்கு."

சாயங்காலத்துக்குள் இரண்டு காலிலும் கொப்புளம் எழும்பியது. வலது காலில் சுண்டுவிரலைச் சுற்றி ஒரு பெரிய நீர்க்கொப்புளம். அப்போதும் அவளுக்கு வலிக்கவில்லை. வலிக்காததை நாங்கள் நல்லதாக எடுத்துக்கொண்டோம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள் என் மனைவி. நான்தான் வேண்டாம் என்றேன். "கால் டாக்டர்" தன் அக்காவின் காலை வேக வைத்துவிட்டான் என்று நாலு பேருக்குத் தெரியுமே என்ற வெட்கம். மெடிக்கலில் தீக்காயத்துக்கு ஒரு களிம்பு கேட்டு வாங்கினேன். அவளுக்குச் சர்க்கரை இருப்பதை அங்கே சொல்லவில்லை. களிம்பைத் தடவித் துணியால் கட்டினேன். இரண்டு நாள் வீட்டில் கிடந்தவள் மூன்றாம் நாள் காலில் பாலிதீன் கவரைக் கட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டாள். நான் தடுத்தேன். "வலியே இல்லாதவ வீட்ல உக்காந்து என்னாடா பண்றது?" என்றாள். மீன் கழுவின தண்ணீரில் நாள் முழுக்க நின்றாள்.

ஐந்தாம் நாள் அவளுக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. கட்டைப் பிரித்தபோது வந்த வாடை மீன் வாடை இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. ஆட்டோ பிடித்துக் கதிர்காமத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

அங்கே சிறு வயது டாக்டர் ஒருவர் அக்காவைக் கண்ணை மூடச் சொன்னார். தூண்டில் நரம்பு போல மெல்லிய ஒரு இழையைக் கையில் வைத்திருந்தார். "நான் கால்ல தொடும்போது 'ஆமா'ன்னு சொல்லுங்கம்மா" என்றார். புண் இல்லாத இடமாகப் பார்த்துப் பாதத்தில் அந்த இழை வளைகிற அளவுக்கு அழுத்தினார். அக்கா பேசாமல் இருந்தாள். வேறோர் இடம். அங்கேயும் ஒன்றுமில்லை. கட்டைவிரல், குதிகால், நடுப்பாதம். கண்ணை மூடி, பரீட்சை எழுதுகிறவள் மாதிரி முகத்தைக் கவனமாக வைத்துக்கொண்டு, அவர் இன்னும் தொடவே ஆரம்பிக்கவில்லை என்று நினைத்து அக்கா காத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். சொல்லுக்கா, சொல்லு, ஆமான்னு சொல்லு என்று மனத்துக்குள் கத்தினேன். கெண்டைக்காலுக்குப் பாதி ஏறிய பிறகுதான் "ஆமா" என்றாள்.

சர்க்கரை நரம்பைத் தின்றிருக்கிறது என்றார் அவர். முதலில் எரியும், அப்புறம் மரத்துப்போகும். எரிச்சல் நிற்பதைக் குணம் என்று நினைத்துவிடுவார்கள். இந்தக் காலுக்குச் சூடும் தெரியாது, முள்ளும் தெரியாது. சுடுதண்ணீர், ஐஸ், ஹீட்டிங் பேட் எதையும் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. பேசிக்கொண்டே புண்ணைக் குனிந்து பார்த்தவர் நிமிர்ந்தார்.

"யாருங்க சுடுதண்ணி வெச்சது?"

நான் பதில் சொல்வதற்குள் அக்கா சொன்னாள். "நானே தான் வெச்சிக்கினேன் சார்."

திறந்த வாயை மூடிக்கொண்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை.

வலது காலில் சுண்டுவிரலையும் அதற்கு அடுத்த விரலையும் எடுத்தார்கள். காலைக் காப்பாற்றினதே பெரிசு என்றார்கள். காரைக்காலிலிருந்து மகள் வந்து ஆஸ்பத்திரியிலேயே தங்கினாள். மூன்றாம் நாள் நான் கேரியரில் கஞ்சி எடுத்துக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தபோது அவள் தன் அம்மாவைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு அறிவு இருக்காம்மா? சுகர வெச்சிகிட்டு எவனாவது கொதிக்கிற தண்ணில கால விடுவானா? ஒரு ஃபோன் பண்ணிக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

மார்க்கெட்டில் யாருக்கும் அடங்காதவள், மகள் திட்டத் திட்டப் போர்வையின் நூலைப் பிரித்துக்கொண்டு தலை குனிந்திருந்தாள். "புத்தி கெட்டுப் போச்சுமா" என்றாள். நான் கட்டிலின் கால்மாட்டில் கேரியரோடு நின்றேன். கஞ்சி ஆறிடும் என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

புண் ஆற நாலு மாதம் ஆனது. அதன் பிறகு அக்காவால் அதிக நேரம் நிற்க முடியவில்லை. கடையைக் குப்பத்துப் பெண் ஒருத்திக்கு விட்டுவிட்டாள். அதைச் செய்த நாளில் அவள் அழவில்லை. மீன் வெட்டுகிற கத்தியை மட்டும் கொடுக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவி வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் எங்களை உட்கார வைத்துப் பாதத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தார். தினமும் காலையில் வெளிச்சத்தில் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும், விரலிடுக்கு உள்பட. வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவலாம், ஊறவிடக் கூடாது. அந்தத் தண்ணீரையும் அவள் தொட்டுப் பார்த்துச் சொல்லக் கூடாது, உணர்ச்சி உள்ள இன்னொருவர் முழங்கையால் பார்க்க வேண்டும். துடைக்கும்போது இடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது. பாதத்துக்கு எண்ணெய் தடவலாம், இடுக்கில் வேண்டாம். செருப்பைப் போடும் முன் உதறிக் கையை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். நான் தினமும் வேலைக்குப் போகும் முன் அக்கா வீட்டுக்குப் போய் இதையெல்லாம் செய்கிறேன். முன்பே செய்திருக்க வேண்டியதை இப்போது செய்கிறோம் என்பது ஒவ்வொரு நாளும் கைக்குத் தெரிகிறது. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளக்கூடிய ஒரு வலி எனக்கு வந்தது. வீட்டில் கை வைக்கவே கூடாத ஒரு வலி அக்காவுக்கு வந்தது. யாராவது பார்த்துப் பிரித்துச் சொல்லும் வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை.

பொங்கலுக்கு மகள் வந்திருந்தாள். சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, "எங்கம்மா கால எங்கம்மாவே வேக வெச்சிட்டாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். என்னால் முடியவில்லை.

"அவ வெக்கல. நான் வெச்சேன்" என்றேன். "சூடு போதலன்னு அவ சொல்லச் சொல்ல நான் தான் ஊத்துனேன்."

மகள் என்னையே பார்த்தாள்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரில நான் அவங்கள அவ்ளோ திட்டுனேனே. நீங்க அங்க தான நின்னுட்டு இருந்தீங்க?"

"ஆமா."

வேறெதையும் அவள் கேட்கவில்லை. தண்ணீர் ஊற்றியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அழுதுகொண்டே எழுந்து போய்ப் பையில் துணிகளை எடுத்து வைத்தாள். அன்றைக்கே ஊருக்குப் போய்விட்டாள்.

எல்லோரும் போன பிறகு அக்கா என்னிடம் பேசினாள். அவ்வளவு கோபத்தோடு அவள் என்னிடம் பேசியது கிடையாது.

"உன்ன யாருடா சொல்லச் சொன்னா? நான் ஒரு வார்த்தைல முடிச்சி வெச்ச விஷயம் அது. ஆஸ்பத்திரில சொல்லியிருந்தா உனக்கு மரியாத. இப்ப சொல்லி என்னா ஆவப் போவுது? உன் மனசு பாரம் எறங்கணும்னு எம்பொண்ண ஏன்டா அழ வெச்ச?"

அவள் சொன்னது நிஜம். பேச வேண்டிய நேரத்தில் எனக்காகப் பேசாமல் இருந்தேன். பேசியபோதும் எனக்காகத்தான் பேசினேன்.

மறுநாள் காலை அவள் வீட்டுக்குப் போகவா வேண்டாமா என்று தெருவில் நின்று யோசித்தேன். போனேன். அவள் காலை நீட்டினாள். பார்த்தேன், கழுவினேன், துடைத்தேன். இரண்டு வாரம் இப்படியே பேச்சில்லாமல் நடந்தது. பிறகு ஒருநாள் பக்கத்து வீட்டில் வாங்கிய மீன் பழசு என்று தானாகவே ஆரம்பித்துத் திட்டினாள். அன்றிலிருந்து பேசுகிறோம்.

மகள் ஏழெட்டு மாதம் என்னிடம் பேசவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவாள். நான் இருக்கிற நேரமாகப் பார்த்துக் கடைக்குப் போய்விடுவாள். போன மாதம் வந்தபோது அம்மாவின் பாதத்தை மடியில் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். நகத்தை வட்டமாக வெட்டாமல் நேராக வெட்ட வேண்டும் என்று அவளுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவள் நிமிராமலேயே சொன்னாள்.

"மாமா, குதிகால் ஓரத்துல ஒரு வெடிப்பு இருக்கு. பாத்தீங்களா?"

அந்த வெடிப்பை நான் பார்த்திருக்கவில்லை. பார்த்தேன் என்று சொல்லத்தான் வாய் வந்தது.

"பாக்கலமா" என்றேன். "காட்டு."

அவள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, வெளிச்சம் படுகிற மாதிரி அக்காவின் காலை என் பக்கம் திருப்பினாள்.